வாங்கியவரா, விற்றவரா: கைமாறிய தொழில்நுட்பத்தின் பெருமையைப் பிரித்து எழுதும் முறை

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இதழுக்காக எழுதிய கட்டுரையில், "இரு விரல்களை விரித்துப் படத்தைப் பெரிதாக்கும் பல்தொடு நுட்பத்தை ஆப்பிள் கண்டுபிடித்தது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கைப்பிரதியைப் படித்த நண்பர், "கண்டுபிடிக்கவில்லை, விலைக்கு வாங்கியது" என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்தார். அவர் சொன்னபடியே திருத்தி அனுப்பினேன், கட்டுரையும் அச்சாகிவிட்டது. அதன்பின் காப்புரிமை ஆவணங்களைப் பொறுமையாகப் படிக்க நேர்ந்தபோதுதான், முதலில் எழுதியதும் பிழை, திருத்தி எழுதியதும் பிழை என்று தெரியவந்தது. பெரிய நிறுவனம் ஒன்று சிறிய நிறுவனம் ஒன்றை விலைக்கு வாங்கி, அதன் நுட்பத்தைத் தன் பெயரில் வெளியிடும்போது, பெருமை யாரைச் சேரும் என்று எழுதுவது எப்படி என்பதைக் கருத்தரங்கக் கட்டுரை எழுதும் மாணவருக்கும், இதழியலாளருக்கும், கலைக்களஞ்சியத்தில் திருத்தம் செய்பவருக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஓர் உவமையை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இந்தப் பேச்சு வந்தவுடன், பெற்றவள் பெரியவளா, வளர்த்தவள் பெரியவளா என்று கேட்பது நமக்குக் கைவந்த பழக்கம். அந்த உவமையில் குழந்தை முழு உருவோடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. உரிமை கோருபவர்களும் இருவர்தான். தொழில்நுட்பம் அப்படிக் கைமாறுவதில்லை. வாங்கும் நாளில் பாதிக் குழந்தைதான் இருக்கும். மீதிப் பாதி வேறெங்கோ, சில சமயம் வாங்கியவர் வீட்டிலேயே முன்னமே வளர்ந்துகொண்டிருக்கும். இந்த உவமையோடு எழுத உட்கார்ந்தால், மூன்றாவதாக வர வேண்டிய பெயர் கடைசிவரை வராமலே போய்விடும்.

வாங்கிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் வேலை, கையகப்படுத்திய நாளைக் கண்டறிந்து அதை நடுவில் ஒரு கல்லாக நட்டு, அந்த நாளில் எது இயங்கிக்கொண்டிருந்தது என்று கேட்பது. என்ன திட்டமிட்டிருந்தார்கள், என்ன கனவு கண்டார்கள் என்பது இங்கே கணக்கில் வராது. இயங்கியது எது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சில இடங்களில் உடனே விடை கிடைத்துவிடும். பவர்பாயிண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ் வகுத்த திட்டத்தின்படி டென்னிஸ் ஆஸ்டினும் அவருடன் இருந்தவர்களும் எழுதிய அந்த மென்பொருள், 1987 ஏப்ரலில் மேக்கின்டாஷ் கணினிக்காக விற்பனைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டில், சில மாதங்கள் கழித்து, மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய நாளில் பெட்டியில் வைத்து விற்கப்பட்ட பொருள் ஒன்று கையில் இருந்தது. எனவே, "பவர்பாயிண்ட்டை மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது" என்ற வரி வெறும் தவறு, அதைப் பற்றி மேலும் விவாதிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் பதிப்பு 1990-இல் வந்ததும், உலகின் ஒவ்வொரு கூட்ட அறைக்கும் அது போய்ச் சேர்ந்ததும் மைக்ரோசாஃப்டின் கணக்கில் எழுத வேண்டியவை.

ஆண்ட்ராய்டில் விடை அவ்வளவு எளிதாக வராது. 2003-இல் ஆண்டி ரூபின், ரிச் மைனர், நிக் சியர்ஸ், கிறிஸ் ஒயிட் ஆகியோர் ஆண்ட்ராய்டு என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது, டிஜிட்டல் கேமராக்களுக்கான இயங்குதளம் ஒன்றையே அவர்கள் மனத்தில் வைத்திருந்தார்கள். 2005-இல் கூகுள் வாங்கியது. முதல் ஆண்ட்ராய்டு தொலைபேசி 2008-இல்தான் கடைக்கு வந்தது. அதன் அடியில் இருந்த லினக்ஸ் கருவை, அதாவது இயங்குதளத்தின் மைய நிரலை, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இலேயே வெளியிட்டிருந்தார். வாங்கிய நாளில் கைமாறியவை ஒரு சிறு குழு, ஒரு போக்கு, சில வரி நிரல் ஆகியவையே. இன்று நம் கையில் இருக்கும் பொருள் அன்று இல்லை.

காப்புரிமைப் பத்திரத்தில் எந்த வரியைப் படிப்பது

நான் பிழை செய்த பல்தொடு நுட்பத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் செய்முறை முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது.

2007 ஜனவரி 9 அன்று ஐபோனை அறிமுகப்படுத்திய மேடையில், பல்தொடு என்ற புதிய நுட்பத்தைத் தாங்கள் கண்டுபிடித்திருப்பதாகவும் அதற்குக் காப்புரிமைகள் எடுத்திருப்பதாகவும் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அதற்கு மறுப்பாக வழக்கமாகச் சொல்லப்படுவது ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தின் கதை. டெலவேர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த வேய்ன் வெஸ்டர்மனுக்கு, தட்டச்சு செய்வதால் கைகளில் தீராத வலி. விசைகளை அழுத்தாமல் மேலாகத் தொட்டாலே போதும் என்றிருக்கும் ஒரு பரப்பை அவரும் பேராசிரியர் ஜான் எலியாஸும் வடிவமைத்தார்கள். 1998-இல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். விசைப்பலகைகளும் சைகைப் பலகைகளும் விற்றார்கள். 2005-இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. பலகைகளின் விற்பனை நின்றது. கைவலிக்காக அவற்றையே நம்பியிருந்தவர்கள் பழைய பலகைகளைத் தேடி அலைந்தார்கள். இந்தப் பகுதி பெருமைக் கணக்கில் எங்கும் ஏறுவதில்லை என்பதையும் போகிற போக்கில் குறித்துவைக்கிறேன்.

அடுத்ததாக ஆவணத்தைத் திறக்க வேண்டும். அமெரிக்கக் காப்புரிமைப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கும். ஒன்று கண்டுபிடித்தவர் யார் என்பது. அங்கே மனிதர்களின் பெயர்கள் மட்டுமே வர முடியும், நிறுவனத்தின் பெயர் வராது. மற்றொன்று உரிமை யாருக்கு ஒப்படைக்கப்பட்டது என்பது. அங்கே பெரும்பாலும் நிறுவனம் இருக்கும், நிறுவனம் கைமாறினால் இந்த உரிமையும் கைமாறும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு முதல் வரியின் வினைச்சொல்லைப் போட்டுவிடுகின்றன. கைகளால் கணினிக்கு உள்ளீடு தருவது பற்றிய, 2001-இல் வழங்கப்பட்ட 6,323,846 என்ற எண்ணுள்ள பத்திரத்தில் கண்டுபிடித்தவர்கள் வெஸ்டர்மனும் எலியாஸும். உரிமை பெற்றது டெலவேர் பல்கலைக்கழகம். பின்னர் அது ஆப்பிளின் உடைமை ஆனது என்பதால் முதல் வரி மாறிவிடவில்லை.

இதுவரை படித்தால் என் நண்பர் சொன்னது சரி என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒளி ஊடுருவும் பல்முனைத் தொடுதிரை பற்றிய 7,663,607 என்ற இன்னொரு பத்திரம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்களாக ஸ்டீவ் ஹோட்டலிங், ஜோஷுவா ஸ்டிரிக்கன், பிரையன் ஹப்பி ஆகிய ஆப்பிள் பொறியாளர்களின் பெயர்கள் உள்ளன. விண்ணப்பித்த நாள் 2004 மே 6. நட்டுவைத்த கல்லுக்கு, அதாவது ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கிய 2005-க்கு, முந்தியது அது. ஃபிங்கர்வொர்க்ஸ் பலகைகள் ஒளி புகாதவை. அவற்றின் அடியில் திரை கிடையாது. ஒரே நேரத்தில் பல விரல்களை உணரும் அடுக்கைக் கண்ணாடியின் வழியே படம் தெரியும்படி அமைப்பது வேறொரு சிக்கல், அதை ஆப்பிளுக்குள் இருந்தவர்கள் வாங்குவதற்கு முன்பே கையில் எடுத்திருந்தார்கள். பட்டியலின் முடிவில் வந்ததும் திரை ரப்பர்போல் துள்ளித் திரும்பும் அந்தச் சிறிய அசைவு இருக்கிறதே, அது பாஸ் ஓர்டிங் என்ற ஆப்பிள் வடிவமைப்பாளரின் பெயரில் உள்ள காப்புரிமை.

இன்னும் பின்னோக்கிப் போனால் இருவரின் முன்னுரிமையும் கரைகிறது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் 1980-களின் தொடக்கத்திலேயே நிமிஷ் மேத்தாவும், பின்னர் பில் பக்ஸ்டன் குழுவினரும் பல விரல்களை உணரும் பலகைகளைச் செய்துகாட்டியிருந்தார்கள். விரலின் மின்தேக்கத்தை உணரும் தொடுதிரையைப் பற்றி இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் 1965-இல் கட்டுரையே எழுதியிருந்தார். ஆகவே, "கண்டுபிடித்தது" என்பதும் நிற்கவில்லை, "வாங்கியது" என்பதும் முழுமையாக நிற்கவில்லை. வாங்கியது உண்மை, ஆனால் வாங்கியதால் மட்டும் கிடைத்ததல்ல.

ஒரே பொருளுக்குள் பல நிறுவனங்கள் இருந்தால்

கூகுள் மேப்ஸ் போன்ற பொருள்களில் ஒரே நாளை நடுவது போதாது. 2004-இல் கூகுள் வரைபடத்துக்காக மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களை வாங்கியது. டென்மார்க்கில் பிறந்த லார்ஸ், ஜென்ஸ் ராஸ்முசென் சகோதரர்கள், நோயல் கார்டன், ஸ்டீபன் மா ஆகிய நால்வர் சிட்னியில் நடத்திய 'வேர் 2 டெக்னாலஜீஸ்' அவற்றில் ஒன்று. அவர்கள் உருவாக்கியிருந்தது கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மென்பொருள். உலாவிக்குள் இயங்கும் வரைபடமாக அது மாறியது கூகுளின் விருப்பத்தால், அதே குழுவினரும் அங்கிருந்தவர்களும் சேர்ந்து செய்த வேலையால். 2005 பிப்ரவரி 8 அன்று அது வெளியானது. மற்றொன்று கீஹோல்; வானிலிருந்து பூமியை நோக்கி இறங்கும் அதன் எர்த்வியூயர் மென்பொருளே 2005 ஜூனில் கூகுள் எர்த் ஆயிற்று.

இத்தகைய பொருளில் பழைய கைகளின் தடத்தைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் இருக்கின்றன. கோப்புகளின் பெயரையும் நிரலின் சொற்களையும் பாருங்கள். வரைபடத்தில் இடங்களைக் குறித்துச் சேமித்தால் வரும் கோப்பின் முடிவில் 'கேஎம்எல்' என்று இருக்கும். அதில் உள்ள 'கே' கீஹோலைக் குறிப்பது. நிறுவனத்தின் பெயர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னும் அந்த எழுத்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஆப்பிள் கருவிகளுக்கு நிரல் எழுதுகிறவர்கள் 'என்எஸ்' என்று தொடங்கும் பெயர்களை நாள்தோறும் தட்டுகிறார்கள்; அந்த இரண்டு எழுத்தும், ஆப்பிள் 1996 டிசம்பரில் வாங்குவதாக அறிவித்த நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டெப் என்பதன் சுருக்கம். அறிமுகப் பக்கங்களையும் ஆண்டுவிழா உரைகளையும்விட இந்த எழுத்துகளையே நான் அதிகம் நம்புவேன்; அவற்றைத் திருத்தினால் மென்பொருள் உடைந்துபோகும் என்பதால் எவரும் திருத்துவதில்லை.

அடுத்து, திரையின் ஓரத்தில் உள்ள பதிப்புரிமை வரி. கூகுள் மேப்ஸ் வெளியான காலத்தில் படத்தின் அடியில் நவ்டெக், டெலி அட்லஸ் என்ற பெயர்கள் சிறிய எழுத்தில் இருந்தன. தெருத் தெருவாக வண்டி ஓட்டிச் சாலைகளைப் பதிவுசெய்த தரவு அந்த இரு நிறுவனங்களுடையது. வாங்கியவர், விற்றவர் என்று இருவரைப் பற்றியே விவாதிப்பவர்கள் இந்த மூன்றாவது தரப்பை ஒருபோதும் கவனிப்பதில்லை.

நீதிமன்றத் தீர்ப்பு கிடைத்தால் அதையும் படியுங்கள், ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்பதைப் பார்த்துப் படியுங்கள். பெர்லினைச் சேர்ந்த ஆர்ட்+காம் என்ற குழு, டெர்ராவிஷன் என்ற பூமிக்கோளக் காட்சியை 1994-இலேயே செய்துகாட்டியது. கூகுள் எர்த் தங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று அவர்கள் 2014-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். 2016-இல் நடுவர் குழு (ஜூரி) கூகுளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காரணம், எஸ்ஆர்ஐ என்ற அமெரிக்க ஆய்வு நிலையம் அதே பெயரில், அதே வகையான ஒன்றை அதற்கு முன்பே செய்திருந்தது. ஆக, காப்புரிமை செல்லாது என்பது தீர்ப்பு. பெர்லின்காரர்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது தீர்ப்பல்ல, அப்படி எழுதிவிடாதீர்கள்.

வாங்கிய பின் பிறந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது

மேலே கண்ட உதாரணங்களில் வாங்கியவரின் பங்கைக் குறைக்கும் பக்கமாகவே தராசு சாய்ந்தது. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருளில் அது மறுபக்கம் சாய்கிறது. டெமிஸ் ஹசாபிஸ், ஷேன் லெக், முஸ்தபா சுலைமான் ஆகியோர் 2010-இல் லண்டனில் தொடங்கிய டீப்மைண்டை 2014 ஜனவரியில் கூகுள் வாங்கியபோது, கணினி விளையாட்டுகளைத் தானாகக் கற்று ஆடும் நிரல்தான் அதன் பேர்சொல்லும் சாதனை. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் பணி அதற்குப் பிறகு தொடங்கியது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய ஜான் ஜம்பர் 2017-இல்தான் அங்கே சேர்ந்தார். 2020-இல் புரத வடிவக் கணிப்புப் போட்டியில் ஆல்ஃபாஃபோல்டின் இரண்டாம் பதிப்பு மற்ற எல்லாரையும் வெகுதூரம் பின்தள்ளியது. 2024-இல் வேதியியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதியை ஹசாபிஸும் ஜம்பரும் பகிர்ந்துகொண்டார்கள், மறுபாதி டேவிட் பேக்கருக்குக் கிடைத்தது.

இங்கே கூகுள் என்ன செய்தது? சூத்திரம் எழுதவில்லை, ஆனால் காத்திருந்தது. டீப்மைண்ட் 2018-இல் மட்டும் சுமார் 47 கோடி பவுண்டு இழப்பைக் காட்டியது. அடுத்த ஆண்டுக் கணக்கில் அது தாய் நிறுவனத்துக்குத் தர வேண்டியிருந்த சுமார் 110 கோடி பவுண்டு கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. பயிற்சிக்குக் கூகுளே வடிவமைத்த சிறப்புச் சில்லுகள் பயன்பட்டன. தனியாக நின்றிருந்தால் எந்த முதலீட்டாளரும் அத்தனை ஆண்டுகள் பொறுத்திருப்பாரா என்பது ஐயமே. பொறுமைக்கும் பணத்துக்கும் பெருமையில் பங்கு உண்டு என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பங்கை அதன் பெயர் சொல்லியே கொடுக்க வேண்டும். "பணம் கொடுத்தது", "இழப்பைத் தாங்கியது", "கணினித் திறனை அளித்தது" என்று எழுதினால் யாருக்கும் மனக்குறை வராது. அதையே "கண்டுபிடித்தது" என்று எழுதும்போதுதான் கணக்கு கெடுகிறது.

ஆய்வுக் கட்டுரைகள் இந்த வகையில் காப்புரிமைப் பத்திரத்தைவிட வசதியானவை. நேச்சர் இதழில் 2021-இல் வெளியான ஆல்ஃபாஃபோல்டு கட்டுரையில், பலர் சம பங்களித்தவர்களாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். யார் எந்த வேலையைச் செய்தார் என்ற பகுதியும் இறுதியில் உண்டு. நோபல் குழு ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதில்லை என்பதால், பரிசுப் பட்டியலை மட்டும் வைத்து எழுதுகிறவர் அந்த நீண்ட பட்டியலைக் காணாமலே போவார்.

எவ்வளவு பின்னோக்கிப் போவது என்ற ஐயம் இந்த இடத்தில் வரும். ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது 1971-இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியிலிருந்து. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டறிந்த வடிவங்களை அங்கே ஆய்வாளர்கள் இலவசமாக வைத்திருந்தார்கள். அந்த வடிவங்கள் சரியா என்று சோதிக்க இன்றும் பயன்படும் வரைபடத்தை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் வெளியிட்டார்கள். "நோபல் பரிசுக்கு வித்திட்ட சென்னை விஞ்ஞானி" என்று தலைப்பிட இந்தத் தகவலைக் கண்டதும் கை பரபரக்கும். நான் கடைப்பிடிக்கும் எல்லை இதுதான்: அந்த ஒன்றை எடுத்துவிட்டால் இந்தப் பொருள் செய்யவே முடியாமல் போகுமா என்று கேட்டு, ஆம் என்றால் பத்தியில் சேர்ப்பேன், துறை முழுவதற்கும் பொதுவான அடித்தளம் என்றால் தனிப் பத்தியாக எழுதுவேனே தவிர, இந்தப் பொருளின் பெருமையில் பங்காகச் சேர்க்கமாட்டேன். தரவு வங்கி முதல் வகை. ராமச்சந்திரன் வரைபடம் இரண்டாம் வகை. அதன் பெருமைக்கு ஆல்ஃபாஃபோல்டின் சான்றிதழ் தேவையும் இல்லை.

சுந்தர் பிச்சையின் பெயரும் இதே காரணத்தால் ஆண்ட்ராய்டோடு தவறாக ஒட்டிக்கொள்கிறது. அவர் 2013 மார்ச்சில் அதன் பொறுப்பை ஏற்றார். அப்போது ஆண்ட்ராய்டு தொலைபேசி கடைக்கு வந்து ஐந்தாவது ஆண்டு. வளர்த்த கணக்கில் தாராளமாக எழுதலாம், செய்த கணக்கில் எழுதக்கூடாது.

விற்றவரும் அல்ல, வாங்கியவரும் அல்ல

வாட்ஸ்அப்பை 2014 பிப்ரவரியில் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாத மறையாக்கம் 2016 ஏப்ரலில் அதில் முழுமையாக வந்தது. அதன் நெறிமுறையை வடிவமைத்தவர்கள் மாக்சி மார்லின்ஸ்பைக்கும் டிரெவர் பெர்ரினும். சிக்னல் செயலியை உருவாக்கிய, இந்த விற்பனையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சிறு குழுவினர். ஜான் கூம், பிரையன் ஆக்டன் ஆகிய வாட்ஸ்அப் நிறுவனர்கள் அதை வேண்டும் என்று விரும்பினார்கள், ஃபேஸ்புக் தடுக்கவில்லை. ஆனால் நுட்பம் மூன்றாமவருடையது. ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரியிலும் இதே கதைதான்: ஆப்பிள் 2010-இல் அதை வாங்குவதற்கு முன், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பாவின் பணத்தில் எஸ்ஆர்ஐ நிலையம் நடத்திய பெருந்திட்டத்திலிருந்து அது பிரிந்து வந்தது. எனவே வாங்கிய நிறுவனம், வாங்கப்பட்ட நிறுவனம் இரண்டையும் எழுதி முடித்தபின், வரிப்பணமோ பல்கலைக்கழகமோ திறமூல நிரலோ உள்ளே இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

விலையை வைத்துப் பெருமையை அளக்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றே நினைத்தேன். ஆனால் வணிகப் பக்கங்களைப் படித்தால் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய இயங்குதளத்தின் முழு உரிமையை மைக்ரோசாஃப்ட் 1981-இல் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. எம்எஸ்-டாஸ் ஆனது அதுதான். வாங்குபவரின் அவசரத்தையும் விற்பவரின் அறியாமையையும் மட்டுமே விலை காட்டும்.

வினைமுற்றைக் கவனியுங்கள்

தகவல்கள் கைக்கு வந்தபின் எழுதும் நேரம் வருகிறது. தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஓர் இடரும் ஒரு வசதியும் உண்டு.

இடர், "கண்டுபிடி" என்ற சொல். தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம், புதிய கோளையும் கண்டுபிடிக்கிறோம், இல்லாத ஓர் இயந்திரத்தைப் புதிதாகச் செய்தாலும் கண்டுபிடித்தோம் என்கிறோம். இவ்வளவு அகலமான சொல்லைப் பெருமைக் கணக்கில் பயன்படுத்தினால் எல்லாரும் அதற்குள் நுழைந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கருத்தை முன்வைத்தார், செய்துகாட்டினார், விற்பனைப் பொருளாக்கினார், வாங்கியது, பணம் தந்தது, பலர் கைக்குக் கொண்டுசேர்த்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லும் வினைகளைப் போடுங்கள்.

வசதி, நம் வினைமுற்றிலேயே திணை தெரிந்துவிடுவது. ஆங்கிலத்தில் நிறுவனத்துக்கும் மனிதருக்கும் ஒரே வினைவடிவம் போதும். தமிழில் நிறுவனம் "செய்தது" என்று முடியும், மனிதர்கள் "செய்தார்கள்" என்று முடிப்பார்கள். எழுதிய பத்தியை எடுத்து வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். எல்லாமே அஃறிணையில் முடிந்தால், உங்கள் பத்தியில் ஒரு மனிதர்கூட வேலை செய்யவில்லை என்று பொருள். ஆக்கிய வினைகள் உயர்திணையிலும், வாங்கிய வினையும் தாங்கிய வினையும் அஃறிணையிலும் முடிந்திருந்தால் கணக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும். "உருவாக்கப்பட்டது" என்ற செயப்பாட்டு வினை வந்திருக்கும் இடங்களில் குறிப்பாக நின்று பாருங்கள். செய்தவர் பெயர் தெரியாதபோதும், தெரிந்தும் சொல்ல மனமில்லாதபோதும் நாம் ஒதுங்கும் நிழல் அது.

இந்த முறைப்படி, பிழையாக அச்சான என் பழைய வரியைப் பின்னர் இப்படி மாற்றி எழுதி வைத்தேன்: "பல விரல்களை ஒரே நேரத்தில் உணரும் பலகைகளை டொரண்டோ ஆய்வாளர்கள் 1980-களிலேயே செய்துகாட்டினார்கள். விரல் சைகைகளைக் கணினிக்கு மொழியாக்கும் முறையை டெலவேரில் வெஸ்டர்மனும் எலியாஸும் உருவாக்கி, விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள்; 2005-இல் ஆப்பிள் அவர்களுடைய நிறுவனத்தை வாங்கியது. அதற்கு முன்பே, ஒளி ஊடுருவும் பல்முனைத் தொடுதிரையை ஆப்பிள் பொறியாளர்கள் ஹோட்டலிங், ஸ்டிரிக்கன், ஹப்பி ஆகியோர் வடிவமைத்திருந்தார்கள். இவற்றை ஒரு தொலைபேசியில் இணைத்து 2007-இல் ஆப்பிள் வெளியிட்டது."

இதற்கெல்லாம் இடமில்லை, ஒரே வரிதான் என்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டால், இதை அனுப்புவேன்: "வெஸ்டர்மனும் எலியாஸும் டெலவேரில் உருவாக்கிய விரல் சைகை முறையை வாங்கிய ஆப்பிள், தன் பொறியாளர்கள் வடிவமைத்த திரையோடு சேர்த்து அதை வெளியிட்டது."